சீனர் என்றால் யார்? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக ஒரு வாசிப்பு வட்டத்தில் நவீன சீன வரலாற்றைப் பற்றிப் பேசி வருகிறேன். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் உண்மையான சந்தேகங்கள் வெளியே வரும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் அதிகம் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான கேள்விகளுக்கு அடியில் ஒரே குழப்பம்தான் இருக்கிறது. நாம் 'சீனர்' என்று சொல்லும் ஒரே சொல்லுக்குள் ஒரு நாட்டின் குடிமக்கள், ஓர் இனம், ஒரு மொழிக் கூட்டம், உலகமெங்கும் பரவிய ஒரு வம்சாவளி என்று நான்கு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

சீனர்கள் தங்கள் நாட்டைச் 'சீனா' என்றா சொல்வார்கள்?

இல்லை, ஜோங்குவோ என்பார்கள். 'ஜோங்' என்றால் நடு, 'குவோ' என்றால் நாடு. மூவாயிரம் வருடம் பழைய வெண்கலப் பாத்திரம் ஒன்றிலேயே இந்தச் சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அன்றைக்கு அது தலைநகரைச் சுற்றியிருந்த மையப் பகுதியைத்தான் குறித்தது. அரசுக்கு எப்போதும் ஆளும் வம்சத்தின் பெயர்தான்: தாங், மிங், சிங் என்று. 1689இல் ரஷ்யாவோடு செய்த நெர்ச்சின்ஸ்க் ஒப்பந்தத்தில், இதே பொருள் கொண்ட மஞ்சு மொழிப் பெயரைச் சிங் அரசு பயன்படுத்தியது. இருந்தாலும் அது சாதாரண மக்களின் நாவில் இருந்த நாட்டுப்பெயர் என்று சொல்ல முடியாது.

1901இல் லியாங் சிச்சாவ் என்ற சீர்திருத்தவாதி, நம் நாட்டுக்குப் பெயரே இல்லை, அதைவிட வெட்கம் வேறில்லை என்று எழுதினார். அடுத்த வருடம் 'ஜோங்ஹுவா மின்சு', அதாவது சீன தேசிய இனம், என்ற சொற்சேர்க்கையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். இன்று சீன அரசின் பேச்சில் மிக அதிகமாகக் காதில் விழும் அந்தச் சொல்லுக்கு வயது நூற்றிருபதுதான்.

ஐயாயிரம் வருட நாடு என்கிறார்களே, அது உண்மையா?

எதைக் கணக்கில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆமை ஓட்டிலும் மாட்டு எலும்பிலும் எழுதப்பட்ட ஷாங் காலத்து எழுத்துகள் கி.மு. 1200 வாக்கில் தொடங்குகின்றன. இன்றைய சீன எழுத்து அதன் நேர் வாரிசு. உலகில் வேறெங்கும் எளிதில் காண முடியாத தொடர்ச்சி இது, பெருமைப்பட எல்லா நியாயமும் உண்டு. அதற்கு முந்தைய லியாங்ஜு போன்ற தொல்லியல் தளங்களைச் சேர்த்தால் ஐயாயிரமும் வரும். ஆனால் இத்தனை காலமும் ஒரே அரசு இருந்ததா என்றால், இல்லை. பல நூற்றாண்டுகள் துண்டு துண்டாகக் கிடந்த நிலம் அது.

இன்னொரு விஷயம். வம்சம் வம்சமாக எண்ணாமல் ஒரே ஆதிப் புள்ளியிலிருந்து வருடத்தை எண்ணும் பழக்கம், சிங் ஆட்சியின் கடைசிக் காலத்துப் புரட்சியாளர்கள் கொண்டுவந்தது. புராண அரசரான மஞ்சள் பேரரசரிடமிருந்து எண்ணத் தொடங்கினார்கள். 1912 ஜனவரி 1ஐக் குடியரசின் முதல் நாளாக அறிவித்த தந்தியில் புரட்சித் தலைவர் சன் யாட்-சென் அந்தத் தேதியை 'மஞ்சள் பேரரசர் ஆண்டு 4609, பதினோராம் மாதம், 13ஆம் நாள்' என்றுதான் குறிப்பிட்டார். மன்னர் பெயரில் வருடம் எண்ணுவதை விட வேண்டுமென்றால் அதற்கு ஈடாக ஒரு பொது மூதாதை தேவைப்பட்டார்.

கடைசி அரச வம்சம் சீன வம்சமே இல்லை என்று ஒருத்தர் சொன்னார். நிஜமா?

1644 முதல் 1912 வரை ஆண்ட சிங் வம்சத்தினர் மஞ்சுக்கள். வடகிழக்கிலிருந்து வந்தவர்கள், தனி மொழியும் தனி எழுத்தும் கொண்டவர்கள். 1645இல் ஹான் ஆண்கள் எல்லோரும் முன்தலையை மழித்துப் பின்னால் சடை போட வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். மறுத்தவர்களின் தலை போனது. பழைய புகைப்படங்களில் பார்த்து நாம் 'சீனச் சடை' என்று நினைப்பது ஹான் மக்கள்மேல் திணிக்கப்பட்ட மஞ்சு வழக்கம். இன்றைய சீனாவின் எல்லைகளும் பெருமளவு இவர்கள் போட்டவையே. 1683இல் தைவான், அப்புறம் மங்கோலியா, திபெத், 1750களில் ஷின்ஜியாங். ஷின்ஜியாங் என்ற பெயருக்கே 'புதிய எல்லைப்புறம்' என்றுதான் பொருள்.

நவீன சீன தேசியத்தின் பெரிய முடிச்சு இங்கேதான் விழுந்தது. 1905இல் டோக்கியோவில் சன் யாட்-சென்னும் தோழர்களும் தொடங்கிய புரட்சி அமைப்பின் உறுதிமொழி, மஞ்சுக்களை விரட்டுவதில் தொடங்கியது. ஏழு வருடம் கழித்துக் குடியரசின் தற்காலிகத் தலைவராகப் பதவியேற்ற அதே சன் யாட்-சென், ஹான், மஞ்சு, மங்கோலியர், ஹுய், திபெத்தியர் ஆகிய ஐந்து மக்களும் ஒன்று என்று அறிவித்தார். மஞ்சுக்களை வெளியே தள்ளினால் அவர்கள் சேர்த்த நிலமும் கையைவிட்டுப் போய்விடுமே! பிப்ரவரி 12 அன்று ஆறு வயது மன்னர் பூயியின் பெயரில் வெளியான முடிதுறப்பு ஆணையிலும், ஐந்து மக்களின் முழு நிலப்பரப்பும் சேர்ந்து ஒரே குடியரசு ஆகும் என்ற வரி இருக்கிறது. கொடியிலும் ஐந்து நிறப் பட்டைகள். வெளி மங்கோலியா இதை ஏற்கவில்லை. 1911 டிசம்பரிலேயே தனி நாடு என்று அறிவித்துவிட்டது.

நான் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்கச் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். ஒரு பேரரசின் எல்லைக்குள் ஒரு தேசத்தைப் பொருத்தும் வேலை அன்றைக்குத் தொடங்கியது. பின்னால் வரும் முக்கால்வாசிக் கேள்விகள் அதிலிருந்து முளைத்தவை.

அப்போ மஞ்சுக்கள் இப்போது எங்கே போனார்கள்?

எங்கும் போகவில்லை. 1911 புரட்சியின்போது சில நகரங்களில் மஞ்சுக் குடும்பங்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டன. பலர் பெயரை மாற்றிக்கொண்டு ஹான் என்று சொல்லி வாழ்ந்தார்கள். 1982 கணக்கெடுப்பில் மஞ்சுக்கள் 43 லட்சம் பேர். 1990இல் 98 லட்சம்! எட்டு வருடத்தில் இத்தனை குழந்தைகள் பிறக்க வழியில்லை. ஒளிந்திருந்த அடையாளத்தை மக்கள் திரும்பப் பதிவு செய்தார்கள். சிறுபான்மையினருக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண், குழந்தைப்பேறு விதிகளில் தளர்வு போன்ற சலுகைகள் இருந்ததும் ஒரு காரணம். ஆனால் மஞ்சு மொழியைத் தாய்மொழியாகப் பேசுபவர்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். இனப் பதிவு திரும்பி வந்தாலும் மொழி வரவில்லை. எனக்கு இது மிகவும் வலிக்கிற விஷயம்.

ஹான் என்றால் சாதியா, மதமா? எதை வைத்துச் சொல்கிறார்கள்?

இரண்டும் இல்லை. கி.மு. 206இல் தொடங்கிய ஹான் வம்சத்தின் பெயரிலிருந்து வந்தது. இன்றைய பொருளில் ஓர் இனப்பெயராக அது கூர்மையானது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மஞ்சுக்களுக்கு எதிராக 'நாங்கள்' என்று சொல்ல ஒரு பெயர் தேவைப்பட்டபோது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையான 141 கோடியில் 91.11 சதவீதம் பேர் ஹான். பீஜிங் ஹானும் குவாங்சோ ஹானும் உணவிலும் பேச்சிலும் பழக்கத்திலும் ஒருவருக்கொருவர் அந்நியமாக இருப்பதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 'ஹான்' என்ற ஒரே பெட்டிக்குள் ஐரோப்பாவின் பல நாடுகள் அளவுக்கு வேற்றுமை அடங்கியிருக்கிறது.

56 இனங்கள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? யார் எண்ணினார்கள்?

1953இல் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது, இனத்தின் பெயரை அவரவரே சொல்லலாம் என்று விட்டார்கள். 400க்கும் மேற்பட்ட பெயர்கள் வந்தன. யுன்னான் மாகாணத்தில் மட்டும் 260க்கு மேல். நாட்டின் சட்டமன்றமான மக்கள் பேராயத்தில் ஒவ்வோர் இனத்துக்கும் இடம் தருவதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது, இத்தனை பேருக்கு எப்படித் தருவது? 1954இல் மொழியியலாளர்களும் மானிடவியலாளர்களும் யுன்னானுக்கு அனுப்பப்பட்டார்கள். பொது மொழி, பொது நிலப்பரப்பு, பொதுப் பொருளாதார வாழ்வு, பண்பாட்டில் வெளிப்படும் பொது மனப்பாங்கு என்று ஸ்டாலின் சொன்ன நான்கு அளவுகோல்கள் கையில். மலைக்கிராமங்களில் அவை பொருந்தாதபோது பெரும்பாலும் மொழி ஒற்றுமையை வைத்து முடிவு செய்தார்கள். தங்களை ஒரே இனமாக நினைத்தே பார்த்திராத பல குழுக்கள் 'யி' என்ற ஒரே பெயருக்குள் வந்தன. கடைசியாக 1979இல் ஜினோ மக்கள் சேர்ந்தார்கள். அதோடு பட்டியல் மூடப்பட்டது.

வெளியே நின்றவர்களும் உண்டு. குய்ஜோ மாகாணத்தில் பல லட்சம் 'சுவான்சிங்' மக்கள் தனி இனம் என்று கேட்டும் கிடைக்கவில்லை. அவர்களின் அடையாள அட்டையில் 'சுவான்சிங் ஆள்' என்று மட்டும் எழுதப்படுகிறது. ஹுய் மக்கள் விஷயம் வேறு விதம். பேசுவது சீனம், தோற்றமும் அண்டை வீட்டு ஹான் போலத்தான், இஸ்லாமிய வழிவந்தவர்கள் என்பதே வேறுபாடு. நாத்திகர் ஆகிவிட்ட ஒரு ஹுய்யின் அட்டையிலும் ஹுய் என்றே இருக்கும்.

2008 பீஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் 56 இன உடைகளில் 56 குழந்தைகள் தேசியக் கொடியோடு நடந்து வந்தது பலருக்கு நினைவிருக்கும். அவர்களில் பெரும்பாலானோர் ஹான் குழந்தைகள் என்பது பிறகு தெரிந்தது.

சீனர்களின் பாரம்பரிய உடை அந்த உடம்போடு ஒட்டிய பட்டு கவுன்தானே?

சிபாவ் என்ற அந்த உடை மஞ்சு அங்கியின் வழிவந்தது. இன்றைய வடிவம் 1920களின் ஷாங்காய் தையற்காரர்கள் கொடுத்தது. அது மஞ்சு உடை, எங்கள் உடை வேறு என்று சொல்லி, மிங் காலத்துக்கும் அதற்கு முன்பும் இருந்த அகன்ற கைகள் கொண்ட 'ஹான்ஃபு'வை இளைஞர்கள் அணியும் இயக்கம் 2003 முதல் வளர்ந்து வருகிறது. ஆக, ஐந்து மக்களும் ஒன்று என்ற 1912இன் அறிவிப்பு துணிக்கடை வரை இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

எல்லோரும் பேசுவது ஒரே சீன மொழிதானே? எழுத்து ஒன்றுதானே?

பேச்சு ஒன்றில்லை. கான்டனீஸ், ஷாங்காய் பகுதியின் வூ, ஹொக்கியன், ஹக்கா இவற்றை மட்டும் பேசுபவர்கள் மாண்டரின்காரரோடு உரையாட முடியாது. அரசு இவற்றை வட்டார வழக்குகள் என்கிறது, மொழியியலாளர்கள் பலர் தனி மொழிகள் என்கிறார்கள். சிங்கப்பூரிலோ பினாங்கிலோ வாழ்ந்த தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கடைத்தெருவில் ஹொக்கியனையும் கான்டனீஸையும் தனித்தனியாகவே காதில் வாங்கியிருப்பார்கள்.

'எழுத்து ஒன்றுதான்' என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பள்ளியில் எல்லோரும் எழுதப் படிப்பது மாண்டரின் இலக்கணத்தில் அமைந்த ஒரே எழுத்து நடையை. கான்டனீஸைப் பேசுகிற மாதிரியே எழுதினால் பீஜிங்காரருக்குப் பாதி புரியாது. அந்த எழுத்து நடையும் புதிது. 1919க்கு முன்பு வரை மதிப்புள்ள எழுத்து எல்லாம் பழைய இலக்கிய நடையில்தான். 1920இல்தான் தொடக்கப் பள்ளிகளில் பேச்சுக்கு நெருங்கிய நடைக்கு மாற உத்தரவு வந்தது. 1956இல் 'புதோங்ஹுவா', அதாவது பொதுப் பேச்சு, வரையறுக்கப்பட்டது. பீஜிங் உச்சரிப்பு, வடக்கு வழக்குகளின் அடிப்படை. அதே வருடம் எளிமைப்படுத்திய எழுத்துகள். 1958இல் ரோமன் எழுத்தில் ஒலி குறிக்கும் பின்யின். பின்யினை உருவாக்கியதில் முதன்மையானவரான ஜோ யூகுவாங் 111 வயது வரை வாழ்ந்து 2017இல் மறைந்தார்.

பொதுப் பேச்சு பேசத் தெரிந்தவர்கள் 2000இல் 53 சதவீதம். 2020இல் 80க்கு மேல். அதாவது 'எல்லோரும் பேசும் சீனம்' என்பது நம் கண்முன் நடந்த மாற்றம். எதிர்ப்பும் வந்தது. 2010இல் குவாங்சோ தொலைக்காட்சியில் கான்டனீஸைக் குறைத்து மாண்டரினைக் கூட்டலாம் என்ற யோசனை எழுந்ததும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அத்தனை பேரும் ஹான் மக்கள் என்பதை மறக்கக்கூடாது.

அபின் போர் நடந்து 180 வருடம் ஆகிறது. இன்னும் ஏன் அதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள்?

நம்மில் பலருக்கு அந்தப் போரின் அளவு தெரியாது. வங்காளத்திலும் மால்வாவிலும் விளைந்த அபினைச் சீனாவுக்குள் விற்கும் வியாபாரத்தைக் காக்க பிரிட்டன் நடத்திய போர் அது. 1842இல் நாஞ்சிங் ஒப்பந்தத்தில் ஹாங்காங் போனது, ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன, 2.1 கோடி வெள்ளி டாலர் அபராதம். 1860இல் பீஜிங்கின் யுவான்மிங்யுவான் அரண்மனை கொளுத்தப்பட்டது. 1895இல் ஜப்பானிடம் தைவான் போனது. 1901இல் எட்டு நாடுகளின் படைகள் தலைநகரில் உட்கார்ந்துகொண்டு 45 கோடி தேல் (பழைய சீன எடை அளவு) வெள்ளி கேட்டன. அன்றைய சீன மக்கள்தொகையும் ஏறத்தாழ 45 கோடி. தலைக்கு ஒரு தேல். வட்டியோடு 39 வருடத் தவணை.

இதில் நம் பக்கம் தொடும் ஒரு சம்பவம் உண்டு. 1841 மே மாதம் குவாங்சோவுக்கு வெளியே சான்யுவான்லி கிராமத்தார் திரண்டு பிரிட்டிஷ் படையை எதிர்த்தார்கள். கொட்டும் மழையில் வழி தவறித் தனியாக மாட்டிக்கொண்ட பிரிவு, 37ஆம் மெட்ராஸ் காலாட்படையைச் சேர்ந்தது. துப்பாக்கி மருந்து நனைந்துபோக, துப்பாக்கி முனையில் செருகிய கத்திகளை வைத்தே இருட்டில் தாக்குப்பிடித்தார்கள். சீனப் பள்ளிக்குழந்தைகள் சான்யுவான்லியை முதல் மக்கள் எதிர்ப்பு என்று படிக்கிறார்கள். எதிர்ப்பக்கம் நின்றவர்கள் சென்னை மாகாணத்துக் கூலிச் சிப்பாய்கள் என்பது நம் பாடப்புத்தகத்தில் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, ஆனால் இந்த அவமான உணர்ச்சி எல்லாம் கட்சி ஊட்டிவிட்டதுதானே?

பாதி உண்மை. சீனக் கம்யூனிஸ்ட் கட்சி பிறந்தது 1921இல். அதற்கு ஆறு வருடம் முன்பே, ஜப்பானின் இருபத்தொரு கோரிக்கைகளுக்கு அரசு பணிந்த மே 9ஐ 'தேசிய அவமான நாள்' என்று அனுசரிக்கத் தொடங்கிவிட்டார்கள். 1919இல் வெர்சாய் மாநாடு ஷான்டோங்கில் ஜெர்மனிக்கு இருந்த உரிமைகளை ஜப்பானுக்குக் கொடுத்ததும், மே 4 அன்று சுமார் மூவாயிரம் மாணவர்கள் பீஜிங்கின் தியானன்மென் வாயில் முன்னால் திரண்டார்கள். கட்சியே அந்த எழுச்சியின் குழந்தை. அப்புறம் 1937 டிசம்பரில் நாஞ்சிங்கில் ஜப்பானியப் படை நடத்திய படுகொலை, ஊர் ஊராகப் பிணம் விழுந்த எட்டு வருடப் போர். இந்த நினைவு குடும்பங்களுக்குள்ளேயே இருக்கிறது, யாரும் ஊட்ட வேண்டியதில்லை.

மறுபாதி: மாவோ காலத்தில் வெற்றி பெற்ற வர்க்கத்தின் கதைதான் அதிகம் சொல்லப்பட்டது. 1989 தியானன்மென் ஒடுக்குமுறைக்குப் பிறகு, இளைஞர்களைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள அரசு 1994இல் தேசபக்திக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. காயப்பட்ட தேசத்தின் கதை முன்னுக்கு வந்தது. 2014இல் டிசம்பர் 13 நாஞ்சிங் படுகொலைக்கான தேசிய நினைவு நாள் ஆனது. 2017இல் பாடநூல்களில் 'எட்டு வருடப் போர்' 1931இலிருந்து எண்ணி 'பதினான்கு வருடப் போர்' ஆயிற்று. உணர்ச்சி மக்களுடையது, அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் அரசின் கை இருக்கிறது. அந்தக் கைக்கும் பயம் உண்டு. 2005, 2012 ஜப்பான் எதிர்ப்பு ஊர்வலங்களை ஓரளவு விட்டுப்பிடித்து, பெரிதாகும்போது நிறுத்தினார்கள். 1919 என்ன ஆயிற்று என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

'சீன மக்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்' என்று மாவோ தியானன்மென் மேல் நின்று சொன்னது எந்த வருடம்?

அங்கே நின்று சொல்லவில்லை. 1949 செப்டம்பர் 21 அன்று அரசியல் ஆலோசனை மாநாட்டின் தொடக்க உரையில் சொன்னார். அக்டோபர் 1 அன்று தியானன்மென் மேலிருந்து மத்திய மக்கள் அரசு அமைந்ததை அறிவித்தார். நினைவில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

அங்கே சாதி கிடையாதாமே? பிறப்பால் யாரும் தாழ்ந்தவர் இல்லை என்கிறார்கள்.

நம் ஊர் மாதிரியான சாதி அமைப்பு இல்லை என்பது சரி. ஆனால் பிறப்பு ஒட்டிக்கொண்டே வரும் ஏற்பாடுகள் இருந்தன. படகில் பிறந்து படகிலேயே வாழ்ந்த தெற்குப் பகுதி மக்கள் போன்ற சில குழுக்கள் சட்டப்படியே இழிந்தவர்களாக வைக்கப்பட்டிருந்தார்கள். 1720களில் யோங்செங் மன்னர் ஆணை போட்டு நீக்கினார், பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

நவீன காலத்தில் நடந்தது இன்னும் கொடுமை. நிலச் சீர்திருத்தத்தின்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலப்பிரபு, பணக்கார விவசாயி, ஏழை விவசாயி என்று வர்க்க முத்திரை குத்தப்பட்டது. நிலம் பறிபோன பிறகும் முத்திரை போகவில்லை. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போனது. 1966இல் கலாச்சாரப் புரட்சி தொடங்கியபோது, வீரனின் மகன் நல்லவன், பிற்போக்காளனின் மகன் கெட்டவன் என்ற வாசகம் பீஜிங் பள்ளிகளில் ஒட்டப்பட்டது. யூ லுவோக என்ற இளம் தொழிலாளி, குடும்பப் பின்னணியை வைத்து மனிதனை எடைபோடக்கூடாது என்று கட்டுரை எழுதினார். 1970 மார்ச் 5 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 27. 1979இல்தான் முத்திரைகள் நீக்கப்பட்டன, அவர்மீதான தீர்ப்பும் பிறகு ரத்தானது. சாதியைப் பற்றி யோசிக்கும் தமிழர்கள் யூ லுவோகவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாவோ காலத்துப் பஞ்சத்தைப் பற்றி அங்கே வாய் திறக்க முடியுமா?

வீட்டுக்குள் பேசுவார்கள். 1959 முதல் 1961 வரை நடந்ததை அரசு 'மூன்று வருடக் கஷ்டகாலம்' என்கிறது. இறந்தவர்கள் ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடி வரை என்று ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. கலாச்சாரப் புரட்சியைக் கடும் பிழை என்று கட்சியே 1981 தீர்மானத்தில் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தத் தீர்மானம் கிழித்த கோட்டைத் தாண்டி எழுதுவது கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் மேலும் கடினமாகிவிட்டது. வெளியார் செய்த கொடுமைக்கு அருங்காட்சியகம் உண்டு. உள்ளே நடந்ததற்கு அரசு எழுப்பிய தேசிய நினைவிடம் இல்லை. அவமான உணர்ச்சி பற்றிய கேள்வியில் சொன்ன 'எந்தப் பக்கம் திருப்புவது' என்பதன் முழுப் பொருள் இதுதான்.

சொந்த நாட்டிலேயே ஊர் மாற அனுமதி வேண்டுமாமே, அது எப்படி?

ஹுகோவ் என்ற குடும்பப் பதிவைச் சொல்கிறார்கள். 1958 ஜனவரியில் வந்த சட்டம் எல்லோரையும் விவசாயி, விவசாயி அல்லாதவர் என்று பிரித்தது. நகரப் பதிவு இருந்தால் ரேஷன் தானியம், வேலை, வீடு, மருத்துவம். கிராமப் பதிவு என்றால் கம்யூன் என்ற கூட்டுப் பண்ணையில் விளைவதுதான் சோறு. பஞ்சத்தில் அதிகம் செத்தது யார் என்பதும் இதிலிருந்தே புரியும். பதிவு பெற்றோரிடமிருந்து வரும், நெடுங்காலம் தாயிடமிருந்து மட்டும்.

1980களுக்குப் பிறகு நகரத்துக்குப் போக யாரும் தடுப்பதில்லை, போனால் உரிமை கிடைப்பதுதான் பிரச்சினை. 2020 கணக்கில் பதிவு ஓரிடம், வாழ்வது வேறிடம் என்று 37 கோடிக்கும் மேற்பட்டவர்கள். ஷென்ஜென்னில் இருபது வருடம் தொழிற்சாலையில் உழைத்தவரின் பிள்ளை, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குச் சொந்த மாகாணத்துக்குத் திரும்ப வேண்டிய நிலை இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அதனால் கோடிக்கணக்கான குழந்தைகள் தாத்தா பாட்டியிடம் கிராமத்தில் வளர்கிறார்கள்.

2003இல் சுன் ஜிகாங் என்ற 27 வயது வடிவமைப்பாளரை, தற்காலிக வசிப்பு அட்டை கையில் இல்லை என்று குவாங்சோவில் பிடித்துப்போனார்கள். காவலில் அடித்தே கொல்லப்பட்டார். ஓர் உள்ளூர் நாளிதழ் அதைத் துணிந்து வெளியிட்டது, நாடே கொதித்தது, சில மாதங்களில் அந்தப் பிடித்து அனுப்பும் முறையே ரத்தானது. 2014இல் விவசாயப் பதிவு, மற்றது என்ற பிரிவினையை நீக்க முடிவெடுத்தார்கள். சிறு நகரங்களில் இப்போது பதிவு மாற்றுவது எளிது. பீஜிங், ஷாங்காயில் இன்னும் இரும்புக் கதவு.

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கிறவர்களும் சீனர்கள்தானே? அவர்கள் யார் பக்கம்?

இந்தக் கேள்விதான் அங்குள்ளவர்களை அதிகம் புண்படுத்தும். மாண்டரினில் இதற்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. சீனக் குடிமகனாக வெளிநாட்டில் இருப்பவர் 'ஹுவாசியாவ்'. வேறு நாட்டுக் குடிமகனான சீன வம்சாவளியினர் 'ஹுவாரென்'. சீன நாட்டவர் 'ஜோங்குவோரென்'. தமிழில் மூன்றுக்கும் 'சீனர்' என்று ஒரே சொல்லைப் போடுகிறோம், சிக்கல் அதில்தான்.

1909இல் சிங் அரசு போட்ட சட்டம், சீனத் தகப்பனுக்குப் பிறந்தவர் எங்கே பிறந்தாலும் சீனக் குடிமகன் என்றது. தென்கிழக்காசிய நாடுகள் விடுதலை பெற்றபோது அது பெரிய சந்தேகத்தைக் கிளப்பியது. 1955 ஏப்ரலில் பாண்டுங்கில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்க மாநாட்டின்போது சீனப் பிரதமர் ஜோ என்லாய் இந்தோனேசியாவோடு ஒப்பந்தம் செய்து, இரட்டைக் குடியுரிமை வேண்டாம், ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும் என்றார். 1980 சட்டம் இரட்டைக் குடியுரிமையை அடியோடு மறுத்தது. ஒரு மலேசிய ஹுவாரென் மலேசியர்தான். இலங்கையிலோ மலேசியாவிலோ பிறந்த தமிழரிடம் 'நீங்கள் இந்தியாவின் பக்கம்தானே' என்று கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்தால் போதும்.

தைவான்காரர்கள் தங்களைச் சீனர் என்று சொல்லிக்கொள்வார்களா?

வம்சாவளி என்ற பொருளில் பலர் சொல்வார்கள், நாடு என்ற பொருளில் இப்போது மிகச் சிலரே. தைபேயின் செங்சி பல்கலைக்கழகம் 1992 முதல் இதே கேள்வியைக் கேட்டு வருகிறது. அன்றைக்கு 'நான் சீனர்' என்றவர்கள் சுமார் கால்வாசி, இரண்டும் என்றவர்கள் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது 'தைவானியர் மட்டும்' என்பவர்கள் 60 சதவீதத்துக்கு மேல். 'சீனர் மட்டும்' என்பவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில். 1895 முதல் 1945 வரை ஜப்பான் ஆட்சி, பிறகு பெருநிலத்திலிருந்து கம்யூனிஸ்டுகளிடம் தோற்று வந்த குவோமிந்தாங் (தேசியவாதக் கட்சி) அரசின் 38 வருட ராணுவச் சட்டம், 1996இல் முதல் நேரடித் தலைவர் தேர்தல் என்று அந்தத் தீவின் அனுபவமே வேறு.

ஹாங்காங்கில் 2012இல் தேசியக் கல்விப் பாடத்தை எதிர்த்து மாணவர்கள் திரண்டதும், 2019 போராட்டங்களும், 2020 தேசியப் பாதுகாப்புச் சட்டமும் இதே கேள்வியின் வேறு முகம். பெரும்பாலும் ஹான் மக்கள் வாழும் இடங்கள் இவை. இனம் ஒன்று என்பதால் தேசமும் ஒன்று என்று ஆகிவிடுவதில்லை.

அப்படிப் பார்த்தால் சீன தேசம் என்பதே கட்டிவிட்ட கதையா?

இந்த முடிவுக்கு வருபவர்களிடம் நான் கடுமையாக மறுப்பேன். எந்த நவீன தேசமும் யாரோ கட்டியதுதான். கட்டப்பட்ட வீட்டில் மனிதர்கள் உண்மையாகவே குடியிருக்கிறார்கள். தளர்ந்த மணல் என்று சன் யாட்-சென் வருந்திய மக்கள், ஜப்பானோடு நடந்த போரில் பல்கலைக்கழகங்களையும் தொழிற்சாலைகளையும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உள்நாட்டுக்குச் சுமந்து போனார்கள். சட்டம் போட்டு வரவழைக்கும் உணர்வு இல்லை அது. நான் சொல்வது, அந்த வீட்டுக்கு எத்தனை வாசல், யாருக்கு எந்த அறை என்பது இன்னும் முடிவாகவில்லை என்பதுதான்.

உய்குர், திபெத்தியர் விஷயத்தில் யார் சொல்வதை நம்புவது?

உறுதியானதைச் சொல்கிறேன். கம்யூனிஸ்ட் கட்சி சிறுபான்மையினருக்குத் தன்னாட்சிப் பகுதிகள் தந்தது: 1947இலேயே உள் மங்கோலியா, பிறகு ஷின்ஜியாங், குவாங்சி, நிங்சியா, கடைசியாக 1965இல் திபெத். தாய்மொழிப் பள்ளிகளும் இருந்தன. 1988இல் மானிடவியலாளர் ஃபெய் சியாவ்தோங், பன்மை உள்ள ஒருமை என்று சீன தேசத்தை விளக்கினார். பன்மை, ஒருமை என்ற இரண்டு சொற்களில் எதை அழுத்திச் சொல்வது என்பதுதான் சண்டையே. கடந்த பத்து வருடங்களில் அழுத்தம் முழுக்க ஒருமையின் பக்கம் போய்விட்டது. 2020இல் உள் மங்கோலியாவில் சில பாடங்களை மங்கோலிய மொழியிலிருந்து சீனத்துக்கு மாற்றியபோது பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் எதிர்த்தார்கள்.

ஷின்ஜியாங்கில் 2017 முதல் உய்குர்களும் பிற முஸ்லிம்களும் பெருமளவில் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். பத்து லட்சம் அல்லது அதற்கும் மேல் என்பது பரவலான மதிப்பீடு. சீன அரசு அவை தீவிரவாதத் தடுப்புக்கான தொழிற்பயிற்சி மையங்கள் என்றது. 2014இல் குன்மிங் ரயில் நிலையத்தில் 31 பேர் கத்தியால் கொல்லப்பட்டது போன்ற தாக்குதல்கள் நடந்ததும் உண்மை. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்ட் 31 அன்று வெளியிட்ட அறிக்கை, அங்கே நடந்தவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் ஆகக்கூடும் என்றது. அரசின் கூற்றையும் அறிக்கையையும் இரண்டையும் படித்தபின், நான் அறிக்கையை நம்புகிறேன். ஒரு சிலர் செய்த கொலைக்கு ஒரு சமூகத்தின் மொழி, தொழுகை, தாடி எல்லாம் குற்றமாவதை எந்த தேசத்தின் பெயராலும் ஏற்க முடியாது.

சீனா முழுக்க ஒரே நேரமாமே, அவ்வளவு அகலமான நாட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

குடியரசுக் காலத்தில் ஐந்து நேர மண்டலங்கள் இருந்தன. 1949க்குப் பிறகு எல்லோருக்கும் பீஜிங் நேரம். மேற்குக் கோடியில் உள்ள காஷ்கரில் குளிர்காலத்தில் கடிகாரம் காலை பத்து காட்டும்போதுதான் சூரியன் எழும். அதனால் அங்கே உய்குர்கள் பலர் இரண்டு மணி நேரம் பின்தங்கிய உள்ளூர் நேரத்தை வைத்துக்கொள்கிறார்கள், ஹான் மக்களும் அலுவலகங்களும் பீஜிங் நேரத்தை. யாரையாவது மூன்று மணிக்குச் சந்திப்பதாகச் சொன்னால், எந்த மூன்று மணி என்று திருப்பிக் கேட்பார்கள்.